பத்தாம் திகதிச் சம்பளமும் பதினெட்டாம் திகதிப் பற்றும்: தோட்டத்தில் பெண்கள் சேமிப்புக் குழு தொடங்குவது எப்படி

முதலில் உங்கள் வீட்டுக் கடைக்கொப்பியை எடுத்து வையுங்கள். ஆமாம், கடையில் பற்று எழுதுகிற அந்த எண்ணெய்க்கறை படிந்த கொப்பிதான். போன மாதத்தைத் திகதி பார்த்து வாசியுங்கள். பத்தாம் திகதி சம்பளம் வந்த அன்று பழைய பாக்கி கழிந்திருக்கும், அடுத்த ஒரு கிழமைக்குப் பக்கம் காலியாகக் கிடக்கும், பதினேழு பதினெட்டிலிருந்து மா, சீனி, பருப்பு, போன் ரீலோட் என்று எழுத்து நெருக்கிக்கொண்டு வரும். நம் லயங்களில், இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், காசு பற்றாது, அது உண்மைதான். ஆனால் காசு வருகிற நாளும் காசு தேவைப்படுகிற நாளும் ஒட்டாமல் இருப்பது அதைவிடப் பெரிய தொல்லை. அந்த இடைவெளிக்குள்தான் கடைக்காரர், அடகுக்கடைக்காரர், கிழமைக் கடன்காரர் எல்லோரும் குடியிருக்கிறார்கள்.

நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா ஆனது, 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. கூடியது கூடியதுதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் வெயில் காலத்தில் கொழுந்து இல்லாமல் பேர், அதாவது வேலை நாள் கணக்கு, குறையும், நோர்ம், ஒரு நாளைக்குப் பறிக்கச் சொல்கிற கிலோ, எடுக்காவிட்டால் அரைப்பேர் விழும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த நாளே போச்சு. சம்பளத் துண்டில் வருகிற தொகையை நானும் நீங்களும் மாற்ற முடியாது. முதல் கிழமைக் காசில் கொஞ்சத்தைப் பிடித்து மூன்றாம் கிழமைக்குக் கொண்டுபோக மட்டும் முடியும். சேமிப்புக் குழு என்றால் அவ்வளவுதான். சிறுதொழில் எல்லாம் அதற்குப் பிறகு வருகிற பேச்சு, பலர் அதைத்தான் முதலில் பேசுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆறு வருடமாக ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். சாதாரண தரம் வரைக்கும் படித்தவள், பேங்க் வேலை எல்லாம் பார்த்ததில்லை. இதில் சொல்வதில் பாதி பிறர் செய்து காட்டிய முறை, மீதி நாங்கள் பிழை விட்டுக் கற்றது.

சீட்டு இருக்கிறதே, பிறகு எதற்குக் குழு?

சீட்டு தெரியாத லயம் இருக்கிறதா? பத்துப் பேர் மாதம் இரண்டாயிரம் போட்டால் ஆளுக்கொரு மாதம் இருபதாயிரம் கையில் வரும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்களுக்கு எட்டாவது சீட்டு விழுந்திருக்க, மூன்றாம் மாதத்தில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் சீட்டு உதவாது. முதல் சீட்டை எடுத்தவர் நாலாம் மாதம் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டால் சீட்டுப் பிடிக்கிற அக்காதான் தன் தோட்டை அடகு வைத்துச் சமாளிக்க வேண்டும். சீட்டை விட்டுவிடச் சொல்லவில்லை, பழகியவர்கள் தொடருங்கள். சீட்டுக் காசையும் குழுக் காசையும் ஒரே கொப்பியில் மட்டும் எழுதாதீர்கள், கலந்துவிட்டால் கடவுளாலும் பிரிக்க முடியாது.

நுண்கடன் என்று சொல்கிற கிழமைக் கடனின் கதை வேறு. மோட்டார்சைக்கிளில் லயத்து வாசலுக்கே வருகிறார்கள், அஞ்சு பேரை ஒருவருக்கொருவர் பிணை வைக்கிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். இந்தக் கணக்கை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 50,000 ரூபா கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி, 52 கிழமைக் கட்டு. வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் போனபோது வாங்கிய தொகையில் பாதியைக் கட்டி முடித்துவிட்டீர்கள், உங்கள் கையில் இருப்பது இருபத்தைந்தாயிரம்தான், வட்டி மட்டும் இன்னும் முழு ஐம்பதாயிரத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. குறைந்துவருகிற மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 24 வீதம் 40 ஐத் தாண்டிவிடும். கடன் கொடுக்க வருகிறவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: வட்டி முழுத் தொகைக்கா, மீதித் தொகைக்கா? பதில் மழுப்பலாக வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நாட்டில் இது பெரிய பிரச்சினையாகித்தான் 2016 இல் நுண்நிதிக்கென்று ஒரு சட்டமே வந்தது. 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தது, அந்தப் பட்டியலில் மலையக மாவட்டங்கள் இல்லை. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். ஏற்கெனவே இரண்டு மூன்று கிழமைக் கடன் ஓடுகிறவர்கள் குழுவில் சேரலாமா என்று கேட்பார்கள். சேரலாம், ஆனால் அந்தக் கட்டுகளை முடிக்கிறவரைக்கும் குழுக் கடன் கிடையாது, சேமிப்பு மட்டும்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

யாரைச் சேர்ப்பது

பன்னிரண்டிலிருந்து இருபது பேர். பத்துக்குக் குறைந்தால் காசு சேராது, இருபத்தைந்துக்கு மேல் போனால் கூட்டம் சந்தையாகிவிடும். ஒரே லயம் அல்லது எதிரும் புதிருமான இரண்டு லயம் என்றால் நல்லது. மழையில் ஒரு மைல் ஏறி வருகிறவர் இரண்டாம் கூட்டத்துக்கு வருவார், மூன்றாவதற்கு வரமாட்டார்.

தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள் மட்டும் போதாது. பென்ஷனில் நிற்கிற அம்மாயி, டவுனில் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற பிள்ளை, மகள் குவைத்திலிருந்து காசு அனுப்புகிற சின்னம்மா, வீட்டிலேயே இடியப்பம் அவிக்கிறவர் என்று கலந்து எடுங்கள். எல்லோருக்கும் பத்தாம் திகதிதான் காசு வரும் என்றால் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் காசு தீரும், குழுக் காசு வைக்கிற பெட்டியும் அன்றைக்கே காலியாகும். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் சேரலாம், ஆனால் இருவரும் பொறுப்பில் இருக்கக் கூடாது.

பெயரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘சங்கம்’ என்று சொல்லாதீர்கள், தோட்டத்தில் சங்கம் என்றால் தொழிற்சங்கம், செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவில், சந்தா வெட்டுவது, தலைவர் வந்து பேசுவது என்றுதான் மனசில் ஓடும். எந்தக் கட்சி அக்கா, எந்த யூனியன் என்று கேள்வி வரும், பாதிப் பேர் அப்படியே ஒதுங்கிவிடுவார்கள். ‘குழு’ என்று சொல்லுங்கள், ஒரு பூப்பேர் வையுங்கள். கட்சி, யூனியன், கோயில் நிர்வாகம் மூன்றிலும் பொறுப்பில் இருக்கிறவர் உறுப்பினராக இருக்கட்டும், பெட்டிப் பொறுப்பு வேண்டாம். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

நான் சொல்கிற பெட்டி முறையை 1991 இல் ஆபிரிக்காவின் நைஜர் நாட்டில் கெயார் என்ற தொண்டு நிறுவனம் கிராமத்துப் பெண்களோடு தொடங்கியது, அங்கேயும் நம் சீட்டு மாதிரி ஒன்று முன்னமே இருந்தது, அதைத்தான் திருத்தினார்கள். நம் நாட்டிலும் இந்தப் பழக்கம் புதுசில்லை. முதல் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கம் 1906 இல் கண்டிப் பக்கம் தொடங்கியது, 1978 இல் அந்த இயக்கம் சணச என்ற பெயரில் மறுபடி உயிர்பெற்றது, 1989 இல் கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளில் சின்னச் சின்னக் குழுக்களாகப் பெண்கள் வங்கி தொடங்கி, பிறகு கூட்டுறவாகப் பதிந்தது. ஹட்டனில் 1888 லேயே ஒரு வங்கி பிறந்ததும் தெரிந்ததுதான், இன்றைக்கு நாடு முழுக்கக் கிளை உள்ள ஹட்டன் நஷனல் வங்கியின் ஆரம்பம் அது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களின் தேவைக்காகத் தொடங்கியது. கொழுந்து பறிக்கிறவள் அப்போது அதன் வாசலில் நின்றிருப்பாளா என்று நினைத்துக்கொள்வேன்.

பெட்டி, பூட்டு, கொப்பி

தேவையானவை இவ்வளவுதான்: மூன்று பூட்டுப் போடக்கூடிய ஒரு தகரப்பெட்டி, மூன்று பூட்டு, ஒரு சி.ஆர். கொப்பி, ஆளுக்கொரு சின்னக் கொப்பி, இரண்டு பேனை, இரண்டு பிளாஸ்டிக் கிண்ணம், ஒரு பூ முத்திரை. பிள்ளைகளின் கொப்பியில் டீச்சர்மார் குத்துகிற முத்திரை இருக்குமே, அதுதான், டவுனில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். பெட்டி ஒருவர் வீட்டில், திறப்பு மூன்றும் வேறு மூன்று வீடுகளில். கணக்கு எழுதுகிறவரிடம் திறப்பு இருக்கக் கூடாது.

பெட்டி எதற்கு என்று கேட்டால், எங்கள் முதல் வருடத்தை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அப்போது காசு ஒரு அக்கா வீட்டு சீனி டின்னில் இருந்தது. நல்லவர், ஒரு ரூபா தொடமாட்டார், ஆனால் அவர் வீட்டுக்காரருக்கு டின் இருக்கிற இடம் தெரியும். ஒரு சனிக்கிழமை இரவு ஏழாயிரம் குறைந்திருந்தது. அக்கா எட்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தார், ஆனால் கடைசிக் காசு கொடுத்த அன்றோடு கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார், இன்றைக்கும் பீலியடியில் கண்டால் குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அந்தக் குற்றம் அவர்மேல் இல்லை. ஒரு பூட்டு, ஒரு ஆள் என்று வைத்த எங்கள்மேல்தான்.

கூட்டம் மாதம் இரண்டு தடவை. சம்பளம் வந்த அடுத்த ஞாயிறு ஒன்று, சம்பளத்தில் முன்கூட்டித் தருகிற அட்வான்ஸ் வந்த பிறகு ஒன்று. இடம் கைப்பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பரா விறாந்தையோ கோயில் மண்டபமோ, யாருடைய வீட்டிலும் வேண்டாம். வீட்டில் வைத்தால் தேத்தண்ணி, பிஸ்கட் என்று அந்த வீட்டுக்காரிக்குச் செலவு, அடுத்த தடவை இன்னொரு வீட்டில் கேக் வரும், பிறகு போட்டி.

ஒரு பங்கு நூறு ரூபா என்று வையுங்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர் குறைந்தது ஒரு பங்கு, கூடினால் ஐந்து பங்கு போடலாம். ஐந்துக்கு மேல் போட விடாதீர்கள், வசதியுள்ள ஒருவர் கையில் குழு போய்விடும். எத்தனை பங்கோ அத்தனை பூ அவருடைய கொப்பியில் குத்தப்படும். எழுத்து தெரியாதவரும் பூவை எண்ணுவார். இதுபோக ஆளுக்கு இருபது ரூபா உதவிக் காசு தனியாக, அது சாவு, ஆஸ்பத்திரி, அவசரம் ஆகியவற்றுக்குத் திருப்பிக் கேட்காமல் கொடுப்பது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலையெங்கும் மண்சரிவு, பாதை அடைபட்டு பாண் வண்டிகூட வராத நாட்களில் எங்களுக்குக் கை கொடுத்தது அந்த இருபது ரூபாய்கள்தான். அந்த மழையில் இன்னொன்றும் படித்துக்கொண்டோம். இப்போது ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் கொப்பிப் பக்கத்தை இரண்டு பேர் போனில் படம் எடுத்து வைக்கிறார்கள். தாள் நனைந்தாலும் கணக்கு நிற்கும்.

கூட்டம் நடக்கிற விதம்: மூன்று பூட்டும் எல்லோர் முன்னாலும் திறக்கும். போன கூட்ட முடிவில் பெட்டியில் இருந்த தொகை எவ்வளவு என்று உறுப்பினர்கள் வாயால் சொல்ல வேண்டும், கொப்பியைப் பார்க்காமல். பிறகு எண்ணுவது, பிறகு பங்கு போடுவது, உதவிக் காசு, பழைய கடன் கட்டு, புதுக் கடன், கடைசியில் மறுபடி எண்ணி, அந்தத் தொகையைச் சத்தமாக மூன்று தடவை சொல்லிப் பூட்டுவது. வாயால் சொல்வது பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி இருக்கும், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் குழுவில் ஒரு அம்மாயி இருக்கிறார், கைநாட்டுத்தான் போடுவார். ஒருநாள் நான் “பதினேழாயிரத்து முந்நூற்றி எழுபது” என்று வாசித்தேன். அம்மாயி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, “இல்ல புள்ள, நானூத்திப் பத்து. நாப்பது எங்க போச்சு?” என்றார். கொப்பியில் பார்த்தால் நான் இருபது ரூபா உதவிக் காசு இரண்டை எழுதவே இல்லை, காசு மட்டும் கிண்ணத்தில் சரியாக இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அம்மாயி தலையை ஆட்டாமல் நான் கூட்டல்கோடு போடுவதில்லை.

கடன் எப்படிக் கொடுப்பது

முதல் மூன்று மாதம் கடனே கிடையாது. சேமிக்க மட்டும்தான். இந்த மூன்று மாதத்தில் யார் நேரத்துக்கு வருகிறார், யார் சாக்குச் சொல்கிறார் என்று தானாகத் தெரிந்துவிடும்.

அதன் பிறகு ஒருவர் தன் சேமிப்பைப் போல மூன்று மடங்கு வரைக்கும் கேட்கலாம், மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும், மாதம் 2 வீதம், அதுவும் மீதித் தொகைக்கு. 12,000 ரூபா எடுத்தவர் வாங்கிய தொகையில் மாதம் நாலாயிரம் கட்டுகிறார் என்றால் முதல் மாத வட்டி 240, இரண்டாம் மாதம் 160, மூன்றாம் மாதம் 80, மொத்தம் 480. மாதம் 2 என்றால் வருடத்துக்கு 24 தானே, கிழமைக் கடனும் 24 தானே என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். அங்கே 24 முழுத் தொகைக்கு, இங்கே மீதிக்கு. அங்கே போன வட்டி போனதுதான், இங்கே வருட முடிவில் பங்குக்கு ஏற்பத் திரும்பி வரும்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு வருடத்தைப் போட்டுக் காட்டுகிறேன். 15 பேர், ஆளுக்குச் சராசரி மூன்று பங்கு, 24 கூட்டம்: 1,080 பங்கு, 1,08,000 ரூபா. வட்டியும் பிந்தி வந்த தண்டமுமாக 9,720 சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,17,720, ஒரு பங்குக்கு 109 ரூபா. 48 பங்கு போட்டவர் 4,800 போட்டு 5,232 எடுப்பார், 120 பங்கு போட்டவர் 12,000 போட்டு 13,080 எடுப்பார். பெரிய காசு இல்லை, நான் மறைக்கவில்லை. ஆனால் வருடத்தில் ஒரு நாள் கையில் முழுசாக வருகிற காசு.

அந்த நாள் எப்போது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. பலர் தீபாவளிக்கு முன்னால் பிரிக்கச் சொன்னார்கள். நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் கிடைக்கும், பிள்ளைகளுக்குப் புது வகுப்பு தொடங்கும்போது சப்பாத்துக்கும் பேக்குக்கும் யாரும் முற்பணம் தருவதில்லை, அந்த நேரம் தீபாவளி முற்பணத்தையும் சம்பளத்தில் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் நாங்கள் பாடசாலை வருடம் தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்னால் பிரிக்கிறோம். பிரித்த அன்றைக்கே அடுத்த சுற்றுக்கு முதல் பங்கு.

கடன் மறுக்கப் பழகுங்கள். “என் தம்பிக்குத்தான் வேண்டும், நான் எடுத்துக் கொடுக்கிறேன்” என்றால் இல்லை. கிழமைக் கடன் கட்ட வேண்டும் என்றால் அதுவும் இல்லை, அந்தக் கடன் இந்தக் கடனையும் விழுங்கும். ஒருவர் இரண்டு கட்டுத் தவறினால் வீட்டுக்குப் போய்க் கத்தாதீர்கள், என்ன நடந்தது என்று ஒருவர் மட்டும் போய்க் கேளுங்கள். கிழமைக் கடன்காரன் வாசலில் நின்று மானத்தை வாங்குவதைப் பார்த்து வெறுத்துத்தானே இங்கே வந்தோம்.

இனித் தொழில்

முதல் சுற்றில் யாரும் தொழில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு வருடம் காசைக் கட்டி ஆளப் பழகியவர் இரண்டாம் வருடம் தொழில் தொடங்கினால் நிற்கிறார், கடன் வாங்கித் தொழில் தொடங்கிப் பிறகு சேமிப்போம் என்றவர்களில் பலர் இப்போது கடனை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

பயிற்சி வகுப்புகள் பற்றி ஒன்று. நல்ல மனசோடுதான் வைக்கிறார்கள். ஆனால் ஒரு தடவை எங்கள் டிவிசனுக்கு வந்து முப்பது பேருக்கு ஒரே நாளில் கேக் ஐசிங் பழக்கிவிட்டுச் சான்றிதழ் கொடுத்துப் போனார்கள். முப்பது பேரும் ஒரே லயத்தில் யாருக்கு கேக் விற்பது? கேக் சுடுகிற கரண்ட் அடுப்பும் இருக்கவில்லை, இருந்தாலும் லயத்துக் கரண்ட் லைன் தாங்காது, ஒருத்தி அந்த அடுப்பைப் போட்டால் எட்டு வீட்டுக்கு விளக்கு அணையும். எந்தத் தொழிலாக இருந்தாலும் இரண்டு கேள்வி: நம் ஆட்கள் டவுனுக்கு பஸ் காசு கொடுத்துப் போய் வாங்குகிற சாமான் எது? டவுன்காரர் நம்மிடம் வந்து வாங்கக்கூடியது எது? முதல் கேள்விக்கு எங்கள் லயத்தில் கிடைத்த பதில் தையல். அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கிடைக்கிறது, தைக்கிற கூலி நம் பாடு. எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி பழைய கால்மெஷின் ஒன்றை வாங்கி, முதலில் சீருடைக்குப் போகவே இல்லை. சிப் மாற்றுவது, கால்சட்டைக் கீழ் மடிப்பது, கிழிந்த பேக் தைப்பது, இவ்வளவுதான் ஆறு மாதம். துணி வெட்டிப் பழுதாக்கினால் திருப்பிக் கொடுக்க முடியாதே. சின்ன வேலையில் கை பழகி, பழைய துணியில் வெட்டிப் பார்த்து, அடுத்த வருடம் சீருடை எடுத்தாள்.

மாடு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் அதிகம். பால் சேகரிக்கிற இடத்தில் கொழுப்பும் மற்றத் திடப்பொருளும் பார்த்துத்தான் விலை போடுவார்கள், தண்ணி கலந்தால் மீட்டர் காட்டிக்கொடுக்கும். ஆனால் மாடு பெரிய முதல், சின்னக் குழுவின் பெட்டியால் தாங்காது, அதோடு லயமும் காணியும் தோட்டத்துடையது, தொழுவம் போட அனுமதியை வாய்ப்பேச்சாக வாங்காமல் கடிதத்தில் வாங்குங்கள், துரை, அதாவது தோட்ட மனேஜர், மாறினால் வாய்ப்பேச்சும் மாறிவிடும். காளானுக்கு இடம் குறைவாகப் போதும், ஆனால் பறித்தால் ஓரிரு நாளில் விற்றாக வேண்டும், எனவே பை வாங்குவதற்கு முன்னால் வாங்குகிற கடை நாலைப் பேசி வையுங்கள். மரக்கறித் துண்டு உள்ளவர்கள் விற்கப் போகுமுன் வீட்டுக் கறிக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், லீக்ஸ் விலை விழுகிற கிழமையில் அந்த மிச்சம்தான் இலாபம்.

கணக்குப் போடத் தெரியாமல் தொழில் செய்யாதீர்கள். வடை என்று ஒரு பேச்சுக்கு வைப்போம், விலைகளை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 50 வடை, ஒன்று 40 ரூபா. இரண்டாயிரம் வரும் என்று நினைப்போம். பருப்பு, எண்ணெய், வெங்காயம், மிளகாய் 1,150, காஸ் 200, கடுதாசியும் பையும் 50, மொத்தம் 1,400. இலாபம் 600? இல்லை. ஆறு வடை மிஞ்சும், பிள்ளைகள் சாப்பிடுவார்கள், எனவே வந்தது 1,760, இலாபம் 360. ஊற வைத்ததிலிருந்து சட்டி கழுவுகிறவரைக்கும் மூன்று மணித்தியாலம். இந்த 360 உங்களுக்குச் சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய் வந்த பின்னேரத்தில் என்றால் சரியாக இருக்கலாம், ஒரு பேரை விட்டுவிட்டுச் செய்கிற வேலை என்றால் நட்டம். இந்தக் கணக்கை எழுதிப் பார்த்த பிறகு எங்களில் ஒருவர் வடையை விட்டு, டவுன் ஹோட்டலுக்குக் காலை இடியப்பம் கொடுக்கத் தொடங்கினார். சொன்ன எண்ணிக்கைக்குத்தான் அவிப்பது, அதனால் மிஞ்சுவதே இல்லை.

பற்றுக்கு விற்பதுதான் எமன். உங்கள் வாடிக்கைக்காரருக்கும் பத்தாம் திகதிதான் சம்பளம், பதினெட்டில் அவர்களும் பற்றுக் கேட்பார்கள். கேட்பவர் மச்சாள், மாமி, பக்கத்துக் காம்பரா. இல்லையென்று சொல்ல வாய் வராது. சொல்வதற்கு வழி இருக்கிறது: “இது குழுக் காசு, ஞாயிற்றுக்கிழமை கணக்குக் காட்டணும்” என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, மனஸ்தாபமும் இல்லை. மீறிக் கொடுத்தாலும் ஒருவருக்கு ஐந்நூறுக்கு மேல் வேண்டாம். தொழில் காசுக்குத் தனிப் பர்ஸ் வையுங்கள், அதிலிருந்து வீட்டுக்கு சீனி வாங்கினால்கூட எழுதுங்கள்.

கடுதாசி வேலை

குழு பெட்டி அளவில் இருக்கும்வரை பதிவு அவசரமில்லை. பெட்டியில் பயப்படுகிற அளவுக்குக் காசு சேர்ந்தால் குழுவின் பெயரில் பேங்க் கணக்கு திறந்து, மூன்று பேர் கையெழுத்தில் இரண்டு பேராவது போட்டால்தான் காசு எடுக்கலாம் என்று வையுங்கள். தொழில் பெயர் பதிய பிரதேச செயலகம், அதற்கு முதலில் கிராம சேவகர். உணவு செய்து விற்பதென்றால் பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து இடம் பார்ப்பார், பயப்படாமல் நீங்களே முதலில் போய்க் கூப்பிடுங்கள், முறைப்பாடு வந்த பிறகு வருவதைவிட அது நல்லது. கடை மாதிரி நடத்தினால் பிரதேச சபை அனுமதி. பிரதேச செயலகத்துக்குப் போகிற நாளில் சிறுதொழிலுக்குத் தொழில்நுட்ப உதவி செய்கிற விதாதா வள நிலையமும், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் எங்கே என்று கேட்டு வையுங்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் நீட்டினால் தமிழில் கேளுங்கள், 1987 இல் இருந்து தமிழும் அரச கரும மொழி, கேட்பது சண்டை இல்லை. அடையாள அட்டையில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்தும் இருந்தால் அதைத் திருத்துகிற வேலையை இன்றைக்கே தொடங்குங்கள், நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் மாதக்கணக்கில் இழுபடுகிறது.

யாருக்கும் பிணைக் கையெழுத்து வைக்குமுன் ஒன்றை நினையுங்கள். அவர் கட்டாவிட்டால் உங்கள் பெயரும் கிரிப்பில், யார் கடன் கட்டவில்லை என்று பேங்க்குகள் பார்க்கிற கடன் தகவல் பதிவில், போய் உட்காரும், பிறகு உங்கள் தொழிலுக்குக் கடன் கேட்கிற அன்று அது எழுந்து வரும்.

முதல் கூட்டம்

வருகிற பத்தாம் திகதிக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்களைக் கூப்பிடுங்கள். வீட்டுக்காரர்மாரும் வரட்டும், கடைசி வரிசையில் உட்காரட்டும், பிறகு “எங்களுக்குச் சொல்லவில்லை” என்ற பேச்சு வராது. அன்றைக்கு யாரிடமும் காசு வாங்காதீர்கள். பங்கு எவ்வளவு, தண்டம் எவ்வளவு, பெட்டி யார் வீட்டில், திறப்பு யார் யாரிடம், எந்த நாளில் பிரிப்பது, இந்த ஐந்தையும் பேசி சி.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். பெட்டிக்கும் பூட்டுக்கும் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லி அனுப்புங்கள். அட்வான்ஸ் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் காசோடு தத்தம் கடைக்கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.